இரண்டு ரூபாய்த் தளர்வு

சி.பி. ராமசாமி சாலை மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் வண்டி அலறியது. அலறியதே தவிர நகரவில்லை. ஜாஸ்மின் முறுக்க முறுக்கச் சத்தம்தான் ஏறிக்கொண்டு போயிற்று. பின் இருக்கையில் ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்திருந்த அவள் அம்மா அந்தோணியம்மாள், மடியிலிருந்த மீன் கூடையை ஒரு கையால் அணைத்தபடி மறுகையால் மகளின் முதுகில் தட்டினாள்.

"இன்னாடி, எறும்பு மாரி ஊருது?"

"முறுக்கிக்கினுதாம்மா கீறேன். இஸ்துக்கினு போ மாட்டேங்குது."

"கருகல் நாத்தம் வேற வர்து."

"கொஞ்சம் எறங்கும்மா."

"நான் எறங்குனா? பின்னால பெட்டி இருவது கிலோ கீதே, அதுவும் எறங்கி நடக்குமா?"

சொன்னாளே தவிர இறங்கினாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு பாலத்தின் ஓரமாக நடந்தாள். ஜாஸ்மின் முதல் கியரில் வண்டியை உருட்டாத குறையாக ஓட்டிக்கொண்டு பக்கத்திலேயே வந்தாள். தாண்டிப்போன ஒருவன் தலைக்கவசத்தைத் திருப்பிக் கத்தினான்.

"ஆயா, மீனு நீந்தி வந்திருந்தா முன்னாடியே வந்திருக்கும்!"

"உனுக்குத் தலகூட கெடைக்காதுடா, போடா!" என்று அந்தோணியம்மாள் தலைச்சுமை அசையாமல் பதில் கொடுத்தாள்.

அன்று வியாழக்கிழமை. அபிராமபுரத்தில் முதல் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழே முக்கால். வழக்கமாக ஏழுக்கெல்லாம் நான்காவது வீட்டு வாசலில் செதில் பறந்துகொண்டிருக்கும். இரண்டு வீடுகளில் சமையல் முடிந்துவிட்டது. ஒரு வீட்டில் கதவே திறக்கவில்லை.

சாந்தோம் கோயிலுக்குப் பின்னால், மணலும் தெருவும் கலக்கும் இடத்தில் அவர்கள் வீடு. அப்பா வேதநாயகம் ஃபைபர் படகில் போகிறவர். அவர் பிடித்து வருவதையும், கரையில் ஏலத்தில் எடுப்பதையும் சேர்த்து அந்தோணியம்மாள் அபிராமபுரத்தில் இருபத்தாறு வீடுகளுக்குக் கொண்டுபோவாள். முதலில் நடந்தே போனாள். பேருந்தில் கூடையைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். ஆட்டோக்காரர்கள் சீட்டில் வாசம் ஏறிவிடும் என்று நிறுத்தவே மாட்டார்கள். ஜாஸ்மின் பதினெட்டு முடித்து உரிமம் வாங்கிய பிறகுதான், வீட்டில் சும்மா நின்ற அப்பாவின் நூறு சிசி வண்டிக்கு வேலை வந்தது. நான்கு வருடமாக அதுதான் அந்த வீட்டின் இன்னொரு படகு.

இப்போது தடைக்காலம். பெரிய விசைப்படகுகள் எல்லாம் துறைமுகத்தில் கட்டிக்கிடக்கின்றன. சின்னப் படகு மீனுக்குத்தான் மவுசு. இந்த இரண்டு மாதத்தில் வாடிக்கை கூடும், அல்லது கைமாறும். வருகிற ஞாயிற்றுக்கிழமை கிளாடிஸ் டீச்சர் வீட்டில் பேத்திக்குக் கோயிலில் புதுநன்மை, பிறகு வீட்டில் விருந்து. முப்பது கிலோ வஞ்சிரமும் சங்கராவும் காலை ஏழுக்குள் வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார்.

அந்த முப்பது கிலோவைப் பற்றித்தான் வெள்ளிக்கிழமை காலை அல்போன்ஸ் மாமா பேச வந்தார். அந்தோணியம்மாளின் தம்பி. தை மாதம் ஒரு லோடு ஆட்டோ எடுத்திருந்தார்.

"அக்கா, கேள்விப்பட்டேன். பாலத்துல நடந்து போனியாமே? தலைல கூடையோட? கேட்டதும் மனசே சரியில்ல போ."

"மனசு சரியில்லன்னா சோடா குடி."

"அட, வெளையாடாத. வண்டி ரெடியாவறவரைக்கும் நான் போய்க்கினு வரேன். நாலு நாளோ அஞ்சு நாளோ. வீட்டு நம்பர மட்டும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடு."

அந்தோணியம்மாள் காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. இதே தெருவில் கால் உடைந்து ஒரு மாதம் படுத்த ஒருத்தி, தன் வாடிக்கையை நாத்தனாரிடம் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். கால் கூடிவிட்டது. வாடிக்கை இன்றுவரை கூடவில்லை. அது அல்போன்ஸுக்கும் தெரியும்.

"ஞாயித்துக்கெழம பாக்கலாம்டா" என்றாள்.

"ஞாயித்துக்கெழம நீ போவலன்னா டீச்சர் எனக்குத்தான் போன் பண்ணும் அக்கா. நம்பர் குட்த்து வெச்சிருக்கேன்" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார்.

அவர் போன பிறகு ஜாஸ்மின் வண்டியைத் தள்ளிக்கொண்டு மந்தைவெளியில் இனாயத் பாயின் கடைக்குப் போனாள். மெட்ரோ வேலைக்காகச் சாலையின் நடுவே தகரம் அடைத்து, மீதியில் இரண்டு பக்கத்து வண்டிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஊர்ந்தன. பாய் வண்டியில் ஏறி ஒரு சுற்று போய் வந்தார். இறங்கும்போதே தலையை ஆட்டினார்.

"கிளட்ச் பிளேட்டு தேஞ்சிச்சு பாப்பா. அது மட்டுமில்ல, உள்ள கரகரன்னு ஒரு சவுண்டு. கியர் பாக்ஸ் போச்சுன்னு நெனைக்கிறேன். இஞ்சின எறக்கிப் பிரிக்கணும்."

"எத்தினி நாள் பாய்?"

"லேத்துக்குக் குடுத்து, சாமான் வந்து... செவ்வாய்க்கெழம ஆவும்."

"ஞாயித்துக்கெழம முப்பது கிலோ கீது பாய்."

"இருக்கட்டும். இப்பிடியே ஏத்திக்கினு போனா நடு ரோட்டுல பல்லு ஒடஞ்சி கியர் லாக் ஆச்சுன்னா நீயும் உங்கம்மாவும் கீழ. தகரச் சந்துல பின்னாடி பஸ்ஸு. யோசிச்சிப் பாரு."

யோசித்தாள். அவளுக்குக் கைவசம் எப்போதும் இருப்பது அந்த யோசனைதான். தியாகராய நகரில் மாலை வகுப்பில் லேப் டெக்னீஷியன் படிக்கிறாள். ரத்தத்தைப் பார்த்ததும் இன்ன நோய் என்று சொல்லக்கூடாது, அளந்ததை முதலில் எழுதவேண்டும் என்பது அங்கே பாடம். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. வண்டிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தாள். தேதி, எந்த இடத்தில் வழுக்கியது, எந்த கியர், எவ்வளவு சுமை, வண்டிக்கு யார் என்ன செய்தார்கள். எழுதுவாளே தவிர எழுதியதை நம்பமாட்டாள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு கேள்விக்குறி போட்டுவிடுவாள்.

"நாளைக்குச் சொல்றேன் பாய்" என்று வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தாள்.

மத்தியானம் காரப்பொடிக் குழம்பும் சோறும் தின்றுவிட்டு நோட்டைப் பிரித்தாள். பங்குனி நடுவில் கிளட்ச் ஒயரை மாற்றியிருந்தார்கள். உப்புக்காற்றில் பழையது துருவேறி இற்றுவிட்டது. புது ஒயர் பத்து நாளில் கொஞ்சம் நீண்டு லீவர் தளர்ந்தது. 'நைனா டைட் பண்ணார்?' என்று அப்பாவைப் பற்றி ஒரு வரி. மறுநாள்: 'மந்தைவெளி தகரம். லேசா வழுக்கல்?' அடுத்த வாரம் திரும்ப 'நைனா டைட் பண்ணார்?' மறுநாள் 'பாலத்தில் வழுக்கல். மூணாவது கியர்?' இப்படி ஆறு முறை. நடுவில் நான்கு நாள் அப்பா ஆழத்துக்குப் போயிருந்தார். அந்த நான்கு நாளும் வழுக்கல் இருந்தது, ஆனால் கூடவில்லை. அவர் கரைக்கு வந்த மறுநாள் புதன்: திரும்ப 'நைனா டைட் பண்ணார்?' அதற்கு அடுத்த நாள் வியாழன், பாலம்.

அவள் எழுந்து போய் வண்டியின் இடதுகை லீவரைத் தொட்டாள். தொட்ட உடனே விறைப்பு. விரலால் அசைத்தால் அசைய இடமே இல்லை. வீணைத் தந்தி மாதிரி இருந்தது ஒயர்.

இப்படி இருந்தால், கையே வைக்காவிட்டாலும் கிளட்சை அரைவாசி அழுத்திப் பிடித்தது போலத்தானே? அப்படியென்றால் உள்ளே பிளேட்டுகள் எந்நேரமும் முழுசாக ஒட்டாமல், தேய்ந்துகொண்டே அல்லவா இருக்கும்? வழுக்கத் தேய, தேய வழுக்க, அதைப் பார்த்து அப்பா இன்னும் இறுக்க. ஒருவேளை தான்தான் தப்பாக நினைக்கிறோமோ? பாய்க்கு முப்பது வருடத் தொழில். அப்பாவுக்கு அதைவிட அதிகமாகக் கயிறு தெரியும். நோட்டில் புதிதாக ஒரு வரி எழுதினாள். பழக்கத்தில் கேள்விக்குறியும் விழுந்தது.

சனிக்கிழமை சுற்றுக்கு வண்டி எடுக்கவில்லை. அந்தோணியம்மாள் ஒரு கூடையோடு நடந்தே போய், ஒன்பது வீட்டை மட்டும் முடித்தாள். கிளம்பும்போது ஜாஸ்மின் இரும்பு பீரோவின் கதவில் ஒட்டியிருந்த வேளாங்கண்ணி மாதா காந்தத்தை எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மாதாவ எங்கடி எத்துக்கினு போற?"

"மெக்கானிக் கடைக்கு."

"பிரிக்கவேணாம்னு மாதா சொல்லுமா?"

"தெரியாதும்மா. கேட்டுப் பாக்குறேன்."

கடையில் பாய் இஞ்சினை இறக்க ஸ்பேனரைக் கையில் எடுத்தார். ஜாஸ்மின் வண்டிக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

"பாய், மொதல்ல ஆயில மட்டும் எறக்குங்க."

"எறக்கத்தானே போறோம்."

"எறக்கிட்டு வெள்ளத் துணில வடிகட்டணும். இந்தக் காந்தத்த உள்ள உட்டுப் பாக்கணும். பல்லு தேஞ்சிருந்தா இரும்புத் துணுக்கு ஒட்டும்ல?"

பாய் மாதாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கடைக்கு வந்திருந்த இருவரும் பார்த்தார்கள்.

"பாப்பா, நான் மெக்கானிக்கா, நீ மெக்கானிக்கா?"

"நீங்கதான் பாய்." குரல் உள்ளே போனது. அவள் அதை இழுத்து வெளியே கொண்டுவந்தாள். "அதனாலதான் உங்க கண்ணுக்கு முன்னாடி பாக்கணும்னு சொல்றேன். துணுக்கு ஒட்டுச்சுன்னா நீங்க பிரிங்க, நான் வாயே தெறக்கல. ஒட்டலன்னா கியர் பாக்ஸத் தொடக்கூடாது."

"தொடாம உட்டு நாளைக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இனாயத் கட வேலன்னு சொல்வாங்க."

"நான்தான் தொட வேணாம்னேன்னு நோட்டுல எழுதிக் கையெழுத்து போட்டுத் தரேன்."

கடையில் யாரோ சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. தட்டை வைத்து ஆயில் மூடியைக் கழற்றினார். தார் மாதிரி கறுத்து, கருகல் வாடையோடு இறங்கியது. ஜாஸ்மின் பழைய வேட்டித் துணியில் அதை வடித்தாள். துணியில் மிச்சம் நின்றது நைந்த கறுப்புப் பொடி; தக்கை போல மிருது. பிறகு உறைக்குள் இருந்த மாதாவை எண்ணெய்க்குள் முக்கி, மெதுவாகச் சுற்றி எடுத்தாள்.

பாய் உறையை வெயிலில் பிடித்து விரலால் வழித்தார். உறையின் மேல் மெல்லிய சாம்பல் பூச்சு. அவ்வளவுதான்.

"துணுக்கு இல்ல" என்றார் கடைசியில். "இந்தப் பூச்சு எல்லா வண்டிலயும் இருக்கும். மீதியெல்லாம் பிளேட்டு பொடி."

"அந்தக் கரகர சவுண்டு?"

"பொடி ஆயில்ல கலந்து எல்லா எடத்துலயும் சுத்துது. இன்னும் பத்து நாள் ஓட்டியிருந்தா நான் சொன்னது நெசமாயிருக்கும்."

அப்போதுதான் அவள் லீவரைக் காட்டினாள். பாய் ஒற்றை விரலை வைத்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. உச்சுக் கொட்டினார்.

"யார் இத இப்பிடி இஸ்துக் கட்டுனது?"

"நைனா."

"இத நான் நேத்தே பாத்திருக்கணும்" என்றார்.

பக்கவாட்டு மூடியை மட்டும் கழற்றினார்கள். பிளேட்டுகள் ஓரம் கருகி வழவழவென்றிருந்தன. புதுப் பிளேட்டுகளைப் புது ஆயிலில் ஊறவைத்து மாட்டினார். உள்ளே கழுவ ஒருமுறை ஆயில் ஊற்றி, வண்டியை ஓடவிட்டு, அதையும் இறக்கிவிட்டு வேறு ஆயில் ஊற்றினார். கடைசியில் ஒயரைத் தளர்த்தி, லீவருக்கும் அதன் பிடிக்கும் நடுவே ஒரு இரண்டு ரூபாய்க் காசைச் செருகிப் பார்த்தார்.

"இந்தக் காசு நொழையற எடம் எப்பவும் இருக்கணும் பாப்பா. அப்பறம் தகரச் சந்துல ரெண்டு விரல லீவர் மேலயே வெச்சிக்கினு போவாத. நின்னா நியூட்ரல் போடு."

"சரி பாய். கையெழுத்து?"

"போ, போ. அந்த நோட்ட எத்துக்கினு மொதல்ல போ."

வண்டி வெண்ணெயாக ஓடியது. ஆனால் விஷயம் கடையில் முடியவில்லை. சாயங்காலம் வேதநாயகம் வலையை மணலில் விரித்துவிட்டு வந்து, வாசலில் நின்ற வண்டியின் லீவரைப் பழக்கத்தில் தொட்டார். தொளக் என்று அசைந்தது. அவர் முகம் மாறியது. உள்ளே போய்ப் பத்தாம் நம்பர் ஸ்பேனரோடு வந்தார்.

"நைனா, வேணாம்."

"இன்னாத்த வேலை செஞ்சான் அவன்? ஆடுது பாரு. நாளைக்கு முப்பது கிலோ ஏத்தப்போற."

"ஆடணும் நைனா. அது ஆடலன்னாதான் பிளேட்டு தேயுது. ஆறு தபா நீ இறுக்கியிருக்க. ஆறு தபாவும் மறுநாள் வழுக்கியிருக்கு. எழுதி வெச்சிருக்கேன்."

"எழுதி வெச்சிருக்கியா? எம்மேல நோட்டு போட்டு எழுதறியா?"

"வண்டி மேல எழுதுனேன்."

வேதநாயகம் ஸ்பேனரை ஒயரின் திருகில் வைத்தார். ஜாஸ்மின் லீவரின் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள். அப்பா ஒதுக்கியும் கை விலகவில்லை. இதுவரை அவர் கைக்கு எதிராக அவள் கை வைத்ததில்லை. வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எடு கைய."

"எடுக்க மாட்டேன்."

"எங்கண்ணன் எப்பிடிடி செத்தான்? சொல்லு. நங்கூரக் கயிறு தொளதொளன்னு வுட்டான் ஒருத்தன். அது போய் மோட்டார் எறக்கையச் சுத்திக்கிச்சி. இஞ்சின் நின்னு, படகு அலைக்குக் குறுக்க திரும்பிச்சி. தளர்ந்த கயித்த என் கண்ணால பாத்துக்கினு நான் சும்மா போவணும்ன்றியா?"

அவளுக்கு அந்தக் கதை தெரியும். ஆனால் அந்த ஒயரில் அவர் அதைத்தான் பார்க்கிறார் என்று இதுவரை தெரியாது. அப்போதும் கையை எடுக்கவில்லை.

"கடல்ல நீ செஞ்சது சரி நைனா" என்றாள் ஒருவழியாக. "இது கயிறு இல்ல."

வேதநாயகம் ஸ்பேனரை வாசற்படியில் எறிந்துவிட்டுக் கரைப்பக்கம் நடந்தார். போகிற போக்கில், "காலைல பாத்துக்கறேன்" என்றார்.

அந்தோணியம்மாள் அதுவரை பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஸ்பேனரைக் குனிந்து எடுத்து முந்தானையில் துடைத்தாள். அவ்வளவுதான் ஜாஸ்மின் பார்த்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு வேதநாயகம் கரையிலிருந்து வஞ்சிரத்தைக் கொண்டுவந்து பெட்டியில் போட்டார். போட்டுவிட்டு வாசற்படி, ஜன்னல், வலைப்பெட்டி எல்லாவற்றையும் துழாவினார்.

"பத்தாம் நம்பர் எங்க?"

"எனுக்கு இன்னா தெரியும்? மீன் நம்பரா அது?" என்றாள் அந்தோணியம்மாள். "ஏத்துடி, நேரமாவுது."

பட்டினப்பாக்கம் வழியாகப் போனார்கள். மந்தைவெளித் தகரத்தில் வழக்கமான நெரிசல். ஞாயிறு என்றும் பாராமல் நின்றது. ஜாஸ்மின் லீவரிலிருந்து விரலை எடுத்து நியூட்ரல் போட்டு நின்றாள். நான்கு வண்டி முன்னால் அல்போன்ஸ் மாமாவின் லோடு ஆட்டோ ஒரு பள்ளத்துக்கும் பேருந்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது. பெட்டிகள் காலியாக இருந்தன; ஆனால் டீச்சர் கூப்பிட்டதும் மீன் வாங்கிப் போட ஐஸ் மட்டும் தயாராக இருந்தது.

"தம்பி!" என்று அந்தோணியம்மாள் சந்தில் நுழைந்து தாண்டும்போது கூப்பிட்டாள். "டீச்சர் போன் பண்ணுச்சா?"

அல்போன்ஸ் ஒலிப்பானை அழுத்தினார். பேருந்துதான் பதில் ஒலி எழுப்பியது.

பாலம் வந்தது. ஜாஸ்மின் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி, லீவரை முழுசாக விட்டாள். சத்தம் ஏறியது. கூடவே வண்டியும் ஏறியது. அம்மா, பெட்டி, கூடை, முப்பது கிலோ, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மூச்சில் ஏறியது. கருகல் வாடை இல்லை. வியாழக்கிழமை நடந்த இடத்தைத் தாண்டும்போது அந்தோணியம்மாள் பாலத்துச் சுவரைப் பார்த்து, "தூ" என்றாள்.

ஆறு ஐம்பதுக்கு கிளாடிஸ் டீச்சர் வீட்டு வாசல். வெள்ளைக் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"வந்துட்டீங்களா? உங்க தம்பி நேத்து போன் பண்ணி நீங்க வரமாட்டீங்கன்னாரே?"

"அவன் வேற யார் வீட்டப் பத்தியோ சொல்லியிருப்பான் டீச்சர்" என்று அந்தோணியம்மாள் பெட்டியைத் திறந்தாள். வஞ்சிரத்தைத் தூக்கினாள். அடியில் ஐஸுக்குள் பத்தாம் நம்பர் ஸ்பேனர் பளபளத்தது.

"எம்மா!"

"கத்தாதடி. அங்க இருந்தா அந்தாளு கை சும்மா இருக்காது."

ஜாஸ்மின் சிரிப்பை அடக்க முடியாமல் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

கூடை காலியாகி அவர்கள் குப்பத்துக்குத் திரும்பியபோது ஒன்பதரை. கோயிலில் இரண்டாம் பூசை விட்டிருந்தது. வேதநாயகம் தெருமுனையில் நின்றார். கேட்காமலே தெரிந்துவிட்டது அவருக்கு. காலிப் பெட்டியின் சத்தம் வேறு. அந்தோணியம்மாள் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் வைத்தாள். ஐஸில் கிடந்து குளிர்ந்திருந்தது. ஜாஸ்மின் அதன் மேல் ஒரு இரண்டு ரூபாய்க் காசை வைத்தாள்.

"இது உள்ள நொழையலன்னா மட்டும் ஸ்பேனர் எடு நைனா. தெனமும் நீயே பாரு. ஒரு நாளும் பாக்காம உடாத."

அவர் காசை லீவருக்கும் பிடிக்கும் நடுவே செருகினார். நுழைந்தது. எடுத்தார். திரும்பச் செருகினார்.

அப்போது லோடு ஆட்டோ வந்து நின்றது. அல்போன்ஸ் வியர்த்து இறங்கினார்.

"பரவால்லயே, போய் வந்துட்டீங்களா?" என்றபடி வண்டிப்பக்கம் வந்து லீவரைத் தொட்டார். தொளக்கென்று அசைந்தது. "இன்னா மாமா இது, இவ்ளோ லூசா கீது? நீயா இத உட்டு வெச்சிருக்க? ஸ்பேனரக் குடு, நான் டைட் பண்றேன்."

வேதநாயகம் ஸ்பேனரைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டார். மச்சானின் மணிக்கட்டைப் பிடித்து லீவரிலிருந்து எடுத்து, அவர் இடுப்பருகே கொண்டுபோய் விட்டார்.

"அது அப்பிடித்தான் இருக்கணும். அந்த ஒயர்ல எவன் கையாச்சும் பட்டுச்சு, மவனே, வலைல கட்டி உள்ள எறக்கிடுவேன்."

அல்போன்ஸ் அக்காவைப் பார்த்தார். அக்கா பெட்டியைக் கவிழ்த்து ஐஸ் தண்ணீரைத் தெருவில் கொட்டிக்கொண்டிருந்தாள். அது அவர் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.